மெலிந்த இடத்தைத் தொடாதே

மர வில் செய்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே இரண்டு கேள்வி கேட்பார்கள். எந்த மரம்? இழுவிசை எத்தனை இறாத்தல்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு வில் பல வருடம் உழைக்குமா, பத்தாவது அம்பிலேயே முறியுமா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது ஒன்று. பிடிக்கு மேலும் கீழும் இருக்கிற இரண்டு கைகளும் எப்படி வளைகின்றன என்பதே அது. உயர்ந்த மரத்தில் செய்த வில்லும் கைகள் சமனாக வளையாவிட்டால் முறிகிறது. சுமாரான மரத்தில் செய்த வில், வளைவு ஒழுங்காக இருந்தால், பிள்ளைகள் கைக்கு வரும்வரை நிற்கிறது.

அந்த வளைவை ஒழுங்குக்குக் கொண்டுவரும் வேலையைக் கனடாவில் டில்லரிங் என்பார்கள். நான் சமன் பார்ப்பது என்று சொல்லிப் பழகிவிட்டேன். மரத்தைப் பிளப்பது, உலர்த்துவது, வில்லின் உருவத்துக்கு வெட்டுவது எல்லாம் தச்சு வேலை. தச்சுத் தெரிந்த எவரும் அதுவரை வந்துவிடுவார். அதற்குப் பிறகுதான் இந்தத் தொழில் தொடங்குகிறது.

நான் யாழ்ப்பாணத்தில் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவன். வேம்பும் பலாவும் பனையும் வீட்டு முற்றத்தில் கிடக்க வளர்ந்தேன். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு தளபாடம் செய்யும் ஓரிடத்தில் வேலை கிடைத்தது. ஊரிலும் சரி, இங்கும் சரி, நான் படித்த தச்சுக்கு ஒரே நோக்கம்தான்: மரம் அசையாமல் நிற்க வேண்டும். மேசைப்பலகை வளையக்கூடாது, கதவு கோணக்கூடாது. வில்லில் இது தலைகீழ். மரம் வளைய வேண்டும், வளைந்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், ஆயிரக்கணக்கான தடவை அதையே செய்ய வேண்டும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் தென்மேற்கு ஒன்ராறியோவில் ஒரு பழைய பண்ணைக் கொட்டகையில் வில் செய்துகொண்டிருந்த முதியவர். அங்குள்ள வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஐயா என்றே கூப்பிட்டேன், அவரும் திரும்பிப் பார்த்தார். நான் என் உளிப்பெட்டியோடு போய் நின்றபோது பெட்டியை மூடி வைக்கச் சொன்னார். பாதி சீவிய ஒரு கட்டையைக் கையில் தந்து, நுனியை நிலத்தில் ஊன்றி அழுத்திப் பார்க்கச் சொன்னார். எங்கே வளைகிறது, எங்கே வளையவில்லை என்று சொல்லத் தெரிந்த பிறகு கருவியை எடுக்கலாம் என்றார். அவருடைய பாடம் முழுவதும் ஒரு வசனத்துக்குள் அடங்கும்: மெலிந்த இடத்தைத் தொடாதே, விறைத்த இடத்தைக் குறை.

ஏன் இந்த வசனம்? வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம், அதாவது முதுகு, நீட்சிக்கு உள்ளாகிறது. எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப்பக்கம் நசுங்குகிறது. பெரும்பாலான மரங்கள் நீட்சியைத் தாங்குமளவுக்கு நசுக்கத்தைத் தாங்குவதில்லை. தாங்கமுடியாத இடத்தில் வயிற்று நார்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். நாணைக் கழற்றிய பிறகும் வில் நேராகாமல் கூனியபடி நிற்பது இதனால்தான். கூன் கொஞ்சம் விழுவது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் விழுந்தால், அந்த ஓரிடம் பக்கத்து இடங்களின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது என்று பொருள். ஊர்க் கோயிலில் சுவாமி காவியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் தோளைத் தாழ்த்தினால் பாரம் மறைந்துவிடுவதில்லை, பக்கத்தில் நிற்பவரின் தோளுக்குப் போகிறது. வில்லின் கையிலும் சோம்பேறியான அங்குலத்தின் பாரத்தை மெலிந்த அங்குலம் சுமக்கிறது. சோம்பேறியை வேலைக்கு இழுப்பதுதான் சமன் பார்ப்பது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை மனத்தில் வைக்காமல் அரத்தைத் தொடக்கூடாது. கையின் விறைப்பு அகலத்தோடு நேராக ஏறும், தடிப்போடு மும்மடிப்படியில் ஏறும். தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. 50 மில்லிமீட்டர் அகலமான கையில் பக்கத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் விறைப்பு நூற்றுக்கு இரண்டு குறையும். 16 மில்லிமீட்டர் தடிப்பான அதே கையில் வயிற்றிலிருந்து ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டுக் குறைந்துவிடும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, கூர்விளிம்புள்ள இரும்புத் தகட்டால் சுரண்டுகிறோம். தடிப்பு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. ஒரே அளவு வளைத்தால் தடித்த கையின் வயிறு மெல்லிய கையின் வயிற்றைவிட அதிகமாக நசுங்கும். வலு வேண்டுமென்றால் அகலத்தைக் கூட்டு, நிறைய வளைய வேண்டுமென்றால் தடிப்பைக் குறை. வில்லின் வடிவங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில் செய்துகொண்ட பேரம்தான்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதுகு கெட்டிருந்தால் சமன் பார்த்து ஒரு பயனும் இல்லை. ஒன்ராறியோவின் தெற்கில் வில்லுக்கு ஏற்ற மரங்கள் பல உண்டு. ஹிக்கரியின் நார் இழுவைக்கு அசையாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைப்போல் மன்னிக்கும் மரம் வேறில்லை. இங்கே அயர்ன்வுட் என்று சொல்லும் சிறு மரம் பெரிய மரங்களின் நிழலில் மெதுவாக வளரும், மிகவும் இறுகியது. ஓசேஜ் ஆரஞ்ச் டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா பக்கத்துச் சொந்த மரம். முள்ளுக்கம்பி வருவதற்கு முன் வேலிக்காக நட்டு நட்டு வடக்கே பரவியது. வெட்டியவுடன் மஞ்சளாக இருக்கும், வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். வட அமெரிக்க வில்மரங்களில் முதலிடம் அதற்குத்தான் என்று இங்குள்ளவர்கள் பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

அடுத்தது ஆஷ். அதன் கதை கொஞ்சம் துயரமானது. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு 2002இல் மிச்சிகனிலும் எல்லைக்கு இப்பால் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ரொறன்ரோத் தெருக்களில் நிழல் தந்த ஆஷ் மரங்களும் அதற்கு இரையாகின. மாநகர ஆட்கள் வெட்டித் தள்ளிய அடிமரங்களை எடுக்க வில் செய்கிற எங்களில் பலர் ஓடினோம். ஆனால் அந்த வண்டின் புழு பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்தான் வளைந்து வளைந்து சுரங்கம் தோண்டும். ஆஷ் வில்லுக்கு வழக்கமாகப் பட்டையை உரித்தால் வருகிற முதல் மேற்பரப்பே முதுகு. புழு அரித்த கோடு முதுகில் குறுக்கே ஓடினால் வில் அந்தக் கோட்டில் பிளக்கும். ஆகவே அரித்த வளையங்களைச் சீவித் தள்ளிவிட்டு, கீழே பழுதில்லாத ஓர் ஆண்டு வளையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வளையத்தைப் பிடிப்பது பொறுமையான வேலை. இரு கையாலும் நம்மை நோக்கி இழுக்கும் கத்தியால் சீவிக்கொண்டே போனால், வசந்தகாலத்தில் வளர்ந்த நுண்துளை நிறைந்த அடுக்கு ஒன்று வரும். கத்தி அதில் கரகரவென்று ஓடும். அதற்குக் கீழே கோடைகாலத்து இறுகிய அடுக்கு வழுவழுப்பாகத் தென்படும். அந்த ஒரே அடுக்கு ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறுபடாமல் முதுகாக ஓட வேண்டும். மரம் மேடு பள்ளமாக வளர்ந்திருந்தால் முதுகும் மேடு பள்ளமாகவே இருக்கட்டும். நேராக்குகிறேன் என்று சீவுளியைப் போட்டால் நார் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் சிராய் கிளம்பும்.

கட்டையை வாளால் அறுப்பதைவிட ஆப்பு அடித்துப் பிளப்பது நல்லது. பிளவு நாரின் வழியே போகும், மரம் முறுகி வளர்ந்ததா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிளந்த கையோடு இரண்டு முனைகளிலும் பசையோ வண்ணமோ பூசி அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முனை முதலில் உலர்ந்து வெடிக்கும். பிறகு உலர விடுவது. கட்டையை அவ்வப்போது தராசில் போடுவேன். நிறை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது. வில்லுக்கு 8 முதல் 10 சதவீத ஈரம் நல்லது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 9 சதவீதத்தில் வந்து நிற்கும். கனடாவின் பனிக்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் காற்று 30 சதவீதத்துக்கும் கீழே காய்ந்துவிடும், மரம் 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த மரத்தை வளைத்தால் பட்டென்று போகும். கோடைப் புழுக்கத்தில் எதிர்மாறு: மரம் ஈரம் குடித்து மெத்தென்று ஆகி, இழுக்க இழுக்கக் கூன் விழும். பனிக்காலத்தில் என் கராஜில் ஈரமூட்டி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்க வருபவர்கள் அது எனக்காக என்று நினைப்பார்கள்.

28 அங்குலம் இழுக்கும் ஒருவருக்கு, பிடி வளையாத வில் என்றால் 66 முதல் 68 அங்குல நீளம் எடுப்பேன். ஹிக்கரி, ஆஷ் போன்ற வெள்ளை மரங்களுக்கு 2 அங்குல அகலம், ஓசேஜுக்கு ஒன்றரை போதும். நடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டு, பிடிக்கு 4 அங்குலமும் அது கைக்குள் கரைந்து இறங்க இருபுறமும் இவ்விரண்டு அங்குலமும் விடுவேன். அகலம் அடியிலிருந்து நுனிவரை நேர்கோட்டில் ஒடுங்கினால், தடிப்பு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கலாம், கை வட்டத்தின் துண்டு போல வளையும். அகலம் பாதிவரை மாறாமல் ஓடிப் பிறகு ஒடுங்கினால், தடிப்பு நுனியை நோக்கிப் படிப்படியாகக் குறைய வேண்டும், வளைவும் நீள்வட்டமாக வரும். எந்த வடிவத்துக்கு எந்த வளைவு என்று தெரியாமல் சமன் பார்க்க உட்காருவது வீண்வேலை.

முதல் கட்டம் நிலத்தில். நுனியை நிலத்தில் ஊன்றி, பிடியில் ஒரு கையும் வயிற்றில் மறு கையுமாக அழுத்துவேன். வில்லின் இரண்டு கைகளும் சில அங்குலம் வளைந்து, இரண்டும் ஒரே அளவு எதிர்த்தால் அடுத்த கட்டம் சுவரில். என் கராஜ் சுவரில் ஒரு கட்டை பொருத்தி, அதன் தலையில் வில்லின் பிடியை வைப்பேன். வில் படுக்கையாக இருக்கும். நாணிலிருந்து ஒரு கயிறு கீழே இறங்கி, நிலத்தில் பொருத்திய கப்பியைச் சுற்றி என் கைக்கு வரும். சுவரில் குறுக்கும் நெடுக்கும் கோடுகள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவர்வரை பின்னால் போய் நின்று இழுப்பேன். இந்தத் தூரம் முக்கியம். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் வளைவைப் பார்க்க முடியாது. கயிற்றுக்கும் நாணுக்கும் நடுவில் ஒரு தராசு தொங்கும்.

தொடக்கத்தில் நாண் வில்லைவிட நீளமாக இருக்கும், வில்லை வளைத்து ஏற்றவேண்டியதில்லை. ஓரிரு அங்குலம் இழுத்துப் பார்ப்பேன். விறைத்த இடங்களில் வயிற்றில் பென்சிலால் கீறி, இறக்கி, கீறல் மறையும்வரை மட்டும் சுரண்டி, மறுபடி ஏற்றுவேன். உடனே பார்த்து முடிவு சொல்லக்கூடாது. மரம் எடுத்ததன் விளைவு மரத்தில் இறங்க நேரம் பிடிக்கும். மெதுவாக இருபது, முப்பது தடவை இழுத்து விட்ட பிறகுதான் புதிய வளைவு உண்மையைச் சொல்லும். அவசரக்காரர்கள் ஐந்து தடவை இழுத்துவிட்டு இன்னும் விறைப்பாக இருக்கிறது என்று மறுபடி சுரண்டுவார்கள். மாலையில் பார்த்தால் அந்த இடம் மடிந்து நிற்கும்.

இந்தக் கட்டத்தில் ஐயா விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று இருந்தது. 45 இறாத்தல் வில் செய்கிறாய் என்றால், எந்தக் கட்டத்திலும் தராசில் 45க்கு மேல் இழுக்காதே. நீள நாணில் 6 அங்குலத்திலேயே 45 வந்துவிட்டால் அங்கேயே நிறுத்து. மரத்தைக் குறைத்த பிறகு அதே 45 ஓர் 8 அங்குலத்தில் வரும், பிறகு 10இல் வரும், கடைசியில் 28இல் வரும். வில் ஒருபோதும் தனக்கு விதித்த பாரத்துக்கு மேல் சுமக்காது. கூட ஒரு துணைச்சட்டம்: கண்ணுக்குக் குறை தெரிந்தால் அந்த இடத்தைத் தாண்டி ஓர் அங்குலமும் இழுக்காதே. குறையோடு மேலும் இழுத்தால் மெலிந்த இடம் அந்த நிமிடத்திலேயே நசுங்கிவிடும், பிறகு எவ்வளவு சீர்செய்தாலும் அது மீளாது.

கண் பழகுவதற்கு வருடங்கள் ஆகும். அதுவரை உதவ ஒரு சிறு கட்டை போதும். ஐந்தாறு அங்குல நீளத்தில் தட்டையான கட்டை எடுத்து, நடுவில் துளைத்து ஒரு பென்சிலைச் செருகுங்கள். வில் இழுத்த நிலையில் வயிறு குழிந்திருக்கும். கட்டையை வயிற்றில் வைத்தால் இரண்டு முனையும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அதிகம் வளைந்த இடத்தில் வைத்து, அந்த இடைவெளியை மட்டுமட்டாகத் தொடும்படி பென்சிலை நீட்டிவிட்டு, கை நெடுகத் தள்ளிக்கொண்டு போனால், குறைவாக வளையும் இடங்களில் பென்சில் தானாகக் கோடு போடும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்டு, விழாத இடத்தை விடு. முதன்முதலாக இதைப் பார்த்தபோது இவ்வளவு சுலபமா என்று தோன்றியது.

ஆனால் இந்தக் கருவி நேரான கட்டைக்குத்தான். ஒருமுறை ஓர் அயர்ன்வுட் கட்டை வந்தது. மேற்கையின் நடுவில் முதுகு பக்கமாக ஒரு மேடு, அதற்கப்பால் ஒரு தாழ்வு. என்னிடம் பழக வந்த இளைஞன் ஒருவன் அந்தத் தாழ்வில் பென்சில் கட்டையை வைத்துவிட்டு, "அண்ணை, இது வளையவே இல்லை, சுரண்டட்டோ?" என்றான். வேண்டாம் என்று தடுத்து, நாணில்லாத வில்லின் உருவத்தைச் சுவரில் பென்சிலால் வரையச் சொன்னேன். பிறகு இழுத்துப் பிடித்து அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தான். தாழ்வு இருந்த இடமும் தன் பழைய நிலையிலிருந்து மற்ற இடங்களைப் போலவே நகர்ந்திருந்தது. கோணல் கட்டையில் அழகான வட்டத்தைத் தேடினால் நல்ல மரத்தைக் கெடுப்போம். எந்த உருவத்திலிருந்து எவ்வளவு மாறியது என்பதே கேள்வி. கணுவுக்கும் இதே நியாயம். கணுவைச் சுற்றி நார் வளைந்து ஓடும், அங்கே வலு குறைவு. எனவே அகலத்தைக் கொஞ்சம் கூட்டி விட்டு, அந்த இடம் பக்கத்து இடத்தைவிடச் சற்றுக் குறைவாக வளைந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டும்.

நீள நாணில் கைகள் ஒன்றையொன்று ஒத்து வளையத் தொடங்கியதும் குட்டை நாணுக்கு மாறுவேன். முதலில் வயிற்றிலிருந்து மூன்று, நான்கு அங்குல உயரத்துக்கு, பிறகு ஆறு அங்குலத்துக்கு. நாணேற்றிய வில்லில் குறைகள் பளிச்சென்று தெரியும். நாண் பிடியின் நடுவில் ஓடுகிறதா என்று நுனியிலிருந்து கண் வைத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் சாய்ந்தால் வலுத்த பக்கத்து விளிம்பைச் சற்றுக் குறைப்பது, அல்லது நாண் மாட்டும் குதையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் ஆழமாக்குவது. அதற்கும் மிஞ்சினால் ஆவியில் அவித்து அச்சில் கட்டி வளைப்பது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேர ஆவி என்பது கணக்கு. அவித்த மரத்தை அது மறுபடி உலரும்வரை இழுக்கவே கூடாது.

மேற்கையும் கீழ்க்கையும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள். சமன் என்பது அதுவல்ல. அம்பு வில்லின் சரிநடுவில் இருப்பதில்லை, பிடித்த கையின் மேலே இருக்கிறது. நாணை இழுப்பவர்களில் பலர் அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலும் வைக்கிறார்கள். இதனால் கீழ்க்கைக்குப் பாரம் சற்றுக் கூட விழுகிறது. ஆகவே கீழ்க்கையைக் கொஞ்சம் விறைப்பாக விடுவேன். நாணேற்றிய வில்லில் கைகளின் அடியிலிருந்து நாண்வரை அளந்தால் மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவருக்கு இந்த வித்தியாசம் தேவைப்படாமலே போகலாம். அதனால் வில் கேட்டு வருகிறவரிடம் பணம் பேசுவதற்கு முன் விரலை எப்படி வைப்பார் என்று கேட்பேன். சுவரில் இழுக்கும்போதும் அவர் விரல் விழும் இடத்திலேயே கொக்கியை மாட்டுவேன்.

குறைகளில் மோசமானது மடிப்பு. ஓரிடம் மட்டும் முழங்கை போல மடங்கும். அதைக் கண்டதும் அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டுவிடுவேன், அங்கே கருவி போகக்கூடாது என்பதற்காக. அதன் இருபுறமும் குறைத்து, மறு கையையும் அதற்கு ஈடாகக் குறைத்துத்தான் தப்பிக்க முடியும். 45 இறாத்தல் வில் 38 ஆகும். இழந்த இறாத்தலை மரத்தில் திரும்ப வைக்க வழியில்லை. மடிப்பைக் கவனிக்காமல் விட்டால் வயிற்றில் குறுக்கே மெல்லிய கோடுகள் தோன்றும். நார் நெரிந்த அடையாளம் அது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். வெள்ளை மரங்களில் வயிற்றைச் சூடுகாட்டித் தேன்நிறத்துக்கு வறுத்தால் நசுக்கத்தைத் தாங்கும் வலு கூடும், ஆனால் அது நெரிவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம்.

இந்தச் சிக்கல்கள் எதுவும் புதிதல்ல. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 வருடத்துக்கு முந்திய மனிதனின் பக்கத்தில் யூ மரத்தில் 182 சென்ரிமீட்டர் நீள வில் ஒன்று கிடந்தது. செய்து முடிக்காத வில். கோடரி செதுக்கிய தடங்கள் அப்படியே இருக்கின்றன, குதை வெட்டவில்லை. அந்தக் கட்டையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் எந்தக் கட்டத்தில் நின்றான் என்பது எனக்குத் தெரியும்: உருவம் வந்துவிட்டது, சமன் பார்க்கவில்லை.

1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ வில்கள் கிடைத்தன. வெளிமரத்தை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் வைத்து, ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்தில், பெரும்பாலும் 100 இறாத்தலுக்கு மேல் இழுவிசையோடு செய்தவை. அவற்றில் பிடிகூட வளையும். கப்பல் மூழ்கிய அதே வருடம் ரோஜர் ஆஸ்கம் என்ற ஆங்கில அறிஞர் டாக்சோஃபிலஸ் என்று வில்வித்தை நூல் ஒன்றை வெளியிட்டார். புதிதாக வாங்கிய வில்லை முதலில் எய்து பழக்கி, எங்கே அதிகம் வளைகிறது என்று கவனித்து, மறுபடி வில் செய்பவரிடம் கொண்டுபோய், எல்லா இடமும் ஒரே வட்டமாக வளையும்படி சீர்செய்யச் சொல்கிறார். இன்று நான் என்னிடம் வாங்குகிறவர்களுக்குச் சொல்வதும் அதுதான். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வில்லை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் அளந்தார். உருண்ட கையைவிடத் தட்டையான செவ்வகக் கை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்பது அந்தக் காலத்து ஆய்வுகளால் உறுதியானது. இன்று வட அமெரிக்காவில் செய்யும் மர வில்களில் பெரும்பாலானவை தட்டைக் கை வில்களே.

வளைவு ஒழுங்கான பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. நுனிகளின் பாரத்தைக் குறைக்க வேண்டும். நாணை விட்டதும் அதிக தூரம் ஓடுவது நுனிதான். அங்கே தேவையில்லாத மரம் இருந்தால் அம்பின் வேகமும் குறையும், மிஞ்சிய விசை பிடித்த கையில் அதிரும். கடைசி ஐந்தாறு அங்குலத்தை அதிகம் வளையாதபடி ஒடுக்கமாக வைத்து, அரை அங்குல அகலத்துக்கும் கீழே கொண்டுவருவேன். பிறகு நூறு அம்பாவது எய்து, திரும்பவும் சுவரில் ஏற்றிப் பார்ப்பேன். பெரும்பாலும் கொஞ்சம் சுரண்ட வேண்டியிருக்கும். அதன் பிறகே உப்புத்தாள், எண்ணெய், மெழுகு.

விற்ற பிறகு வில்லுக்கு வரும் ஆபத்து வேறு. 28 அங்குலத்துக்குச் சமன் பார்த்த வில்லை ஒருவர் தன் உயரமான நண்பரிடம் கொடுத்தார். அவர் 31வரை இழுத்தார். ஒவ்வோர் அங்குலமும் இரண்டு மூன்று இறாத்தல் கூட்டும் என்பதைவிட, மரம் பழகாத இடத்துக்குப் போனதுதான் கேடு. வயிறு நெரிந்து திரும்பி வந்தது. இப்போது ஒவ்வொரு வில்லின் பிடிக்கு மேலும் இறாத்தலையும் அங்குலத்தையும் எழுதித்தான் கொடுக்கிறேன்.

தாங்களே செய்துபார்க்க விரும்புகிறவர்கள் நேரான நாருள்ள ஹிக்கரிப் பலகை ஒன்றோடு தொடங்குங்கள். 68 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 35 முதல் 40 இறாத்தலுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஊரில் இருப்பவர்களுக்கு நன்கு உலர்ந்த தடித்த மூங்கில் போதும். இந்தியத் தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்ற பிரிவில் இன்றும் மூங்கில் வில்லால்தான் எய்கிறார்கள். மூங்கிலின் வெளித்தோலை முதுகாக வைத்து அதில் கத்தி படாமல் பாருங்கள், குறைப்பதையெல்லாம் உட்புறத்தில் குறையுங்கள். பென்சிலால் குறித்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள், முப்பது தடவை இழுங்கள், பிறகு பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்குக் கருவியை வைத்துவிடுங்கள். நாணைக் கழற்றிச் சாத்தி வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். இவ்வளவையும் கடைப்பிடித்தால் முதல் வில்லே அம்பு விடும். அழகு அடுத்தடுத்த வில்களில் வரும்.